பால் எடுக்கிறவர் ராஜினாமா பண்ணினா யோகட் ஏன் உறையாமப் போகுது? சின்னத் தொழிலும் சப்ளையும்

தயிர்ச்சட்டி:
இலங்கை மலையகத்தில தலவாக்கலை, லிந்துலை பக்கம் ஓடக்கூடிய ஒரு சின்ன யோகட் தொழிலை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். மொத்தம் 9 பேர் வேலை. 22 வீட்டுப் பால், நாளைக்கு 100 லீற்றர். பெரும்பாலும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால ஒண்ணு ரெண்டு மாடு கட்டியிருக்கிற ஆட்கள். கிழமையில 6 நாள் உற்பத்தி, 80 கிராம் கப். ஞாயிற்றுக்கிழமைப் பால் பெரிய கம்பனி ஒண்ணோட சேகரிப்பு நிலையத்துக்குப் போகுது. கடைகளுக்குப் போட ஒரு டிமோ பட்டா (சின்ன லொறி). அட்டன், தலவாக்கலை, நானுஓயா வரைக்கும் ஓட்டம்.

இதில பால் எடுக்கிறவரும் ஸ்டோர் பார்க்கிறவரும் ஒரே மாசத்தில ராஜினாமாக் கடிதம் குடுக்கிறாங்கன்னு வைங்க. ஒருத்தர் கட்டாருக்கு, மற்றவர் கொழும்புக்கு. 2022ல மட்டும் பதிவு பண்ணி வெளிநாட்டு வேலைக்குப் போனவங்க 3 இலட்சத்துக்கு மேல. அதனால இது அபூர்வமான கற்பனை இல்ல.

"ஆள் போனா இன்னொரு ஆள் கிடைக்கும்" என்ற பதில் வேணாம். சப்ளை எந்த இடத்தில, எத்தனையாவது நாள்ல, எதனால அறுந்து போகும்? தொழில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குளிர்ப்பெட்டி:
பால் வரத்து நிக்காது. முதல் கிழமையே பால் ஒழுங்கா வரும், ஆனா யோகட் உறையாது. எல்லாரும் கல்ச்சர் (பாலை உறைய வைக்கப் போடுற உறை) பழுதுன்னு நினைச்சுப் புதுப் பாக்கெட் உடைப்பாங்க, அதுவும் உறையாது.

காரணம் பால் எடுக்கிறவர் தலைக்குள்ள இருந்த ஒரு பட்டியல். யார் வீட்டு மாட்டுக்கு மடிநோய், எந்த வீட்டுக்கு மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார், யார் வீட்டில போன கிழமை கன்று போட்டிருக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மடிநோய்க்கு அன்டிபயோட்டிக் போட்ட மாட்டுப் பாலை மருந்து லேபலில் இருக்கிற நாள் கணக்கு முடியிற வரைக்கும் எடுக்கக் கூடாது. யோகட் கல்ச்சரில இருக்கிறதும் பக்டீரியாதானே, அந்த மருந்து அதையும் கொல்லும். 100 லீற்றருக்குள்ள ஒரு மாட்டோட 5 லீற்றர் கலந்தாலே உறைவு நிக்கிறதுக்குப் போதும். காய்ச்சினா மருந்து போயிடும்னு நம்புறாங்க; போகாது, யோகட்டுக்குக் காய்ச்சிற 85 பாகை, 30 நிமிசத்துக்கெல்லாம் அது அசையாது.

சீம்பால் வேற கதை. கன்று போட்டு முதல் ஐந்தாறு நாள் பாலைச் சூடாக்கினா அண்டாவிலேயே திரிஞ்சிடும். ஆனா அது அங்கேயே கண்ணுக்குத் தெரியும், நட்டம் ஒரு அண்டாவோட முடியும். மருந்துப் பால்தான் பொல்லாதது. கப்பில ஊத்தி, மூடி ஒட்டி, 4 மணித்தியாலம் கழிச்சுத்தான் காட்டும். அப்ப பால், சீனி, ஜெலட்டின், கப், மூடி எல்லாமே போச்சு.

மூணாவது லெக்டோமீற்றர், பாலோட கனத்தைக் காட்டுற கருவி. புது ஆளுக்கு 26க்குக் கீழன்னா தண்ணி கலந்ததுன்னு மட்டும் சொல்லிக் குடுப்பாங்க. கருவி எந்த வெப்பநிலைக்கு அளவிட்டதுன்னு அதிலேயே எழுதியிருக்கும். 20 பாகைக்கு அளவிட்ட கருவின்னா, பால் 27 பாகையில இருக்கும்போது 27ன்னு காட்டினா, கூடின 7 பாகையில ஒவ்வொரு பாகைக்கும் 0.2 கூட்டி 28.4ன்னு எடுக்கணும். இது தெரியாம நல்ல பாலைத் திருப்பி அனுப்பினா அந்த வீடு அடுத்த நாளே வேற ஆளுக்குக் குடுத்துடும். மறுபக்கம், ஆடை எடுத்த பால் கனம் கூடிக் காட்டும். ஆடையையும் எடுத்து தண்ணியும் ஊத்தினா கருவி ஒழுங்கான எண்ணையே காட்டும். பழைய ஆள் அதைக் கருவியால கண்டுபிடிக்கல. ஆளைப் பார்த்து, பாத்திரத்தில பால் ஒட்டுற விதத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சார். புது ஆள் வந்தா கொழுப்புச் சோதனையும் சேர்த்து வைக்கணும்.

தயிர்ச்சட்டி:
குளிர்ப்பெட்டி அண்ணே, அப்போ அந்தப் பட்டியலை எழுதி வாங்கிட்டா போதுமா?

குளிர்ப்பெட்டி:
எழுதி வாங்குங்க, ஆனா போதாது தம்பி. அந்தப் பட்டியல் கிழமைக்குக் கிழமை மாறும். எழுதி வாங்க வேண்டியது இன்னைய நிலவரமும், அதைக் கேட்கிற முறையும். வீட்டு வாசல்ல "மாடு எப்படி?"ன்னு கேட்டா "நல்லாயிருக்கு"ன்னுதான் பதில் வரும். "டொக்டர் எப்ப வந்தார்?"ன்னு கேட்கணும்.

கூடவே ஒரு காப்பு: ஒவ்வொரு வீட்டுப் பாலிலயும் ஒரு சின்னப் போத்தல் மாதிரி எடுத்து, நம்பர் போட்டு, அன்றைய யோகட் உறையிற வரைக்கும் குளிர்சாதனப்பெட்டியில வைங்க. உறையலைன்னா ஒவ்வொண்ணையும் தனித்தனியா காய்ச்சி, 43 பாகைக்கு ஆற வச்சு, நல்ல யோகட் ஒரு கரண்டி கலந்து 4 மணித்தியாலம் வெதுவெதுப்பில வைங்க. எந்தப் போத்தல் தண்ணியாவே நிக்குதோ அந்த வீடு. இது இல்லாம 22 வீட்டையும் சந்தேகப்பட்டா ரெண்டு கிழமையில 10 வீடுதான் மிஞ்சும்.

பேரேடு:
பால் பக்கம் சொல்லியாயிற்று. ஸ்டோர் பார்ப்பவர் போனால் அறுவது மூடியில். கணக்கோடு சொல்கிறேன்.

100 லீற்றர் பாலோடு 9 கிலோ அளவில் சீனி, அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட ஜெலட்டின், கல்ச்சர் எல்லாம் சேர, சிந்தல் போக 80 கிராம் கப் ஏறக்குறைய 1,350 வரும். கிழமைக்கு 6 நாள் என்றால் 8,100. அச்சிட்ட மூடி ஓடர் கொடுத்த நாளிலிருந்து கைக்கு வர 21 நாள் என்று வையுங்கள். அந்த 3 கிழமைக்கு 24,300. கையிருப்புக் காப்பாக இன்னும் ஒரு கிழமை, 8,100. ஆக 32,400 மூடி மிஞ்சும் நாளில் அடுத்த ஓடர் போக வேண்டும்.

இந்த 32,400 என்ற எண் சின்னத் தொழில்களில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஸ்டோர்காரர் ராக்கையைப் பார்ப்பார், "பெட்டி நாலுக்கு வந்திருச்சு, போன் பண்ணணும்" என்பார். அவ்வளவுதான் அமைப்பு. அவர் போய்ப் புதியவர் வந்து, மூடி குறைகிறது என்று கவனித்து, யாரிடம் வாங்குகிறோம், அச்சுக் கோப்பு யாரிடம், போன முறை என்ன விலை என்று தேடி ஓடர் கொடுக்க 10 நாள் தாமதம் என்று கொள்ளுங்கள். கையிருப்பு 28 நாளைக்கு. மூடி வருவது 31ஆம் நாள். மூன்று நாள் வெறுமை. நட்டம் 4,050 கப் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மாடு அந்த மூன்று நாளும் கறக்கும். 300 லீற்றர் பாலை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் வீடுகள் போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெறுமை வருவது 29ஆம் நாள். ஸ்டோர்காரர் போய் ஒரு மாதம் கழித்து. அதற்குள் எல்லோரும் "ஆள் போயும் ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுகட்டியிருப்பார்கள். குற்றம் புது ஆளின் தலையில் விழும், அவரும் போவார்.

மருந்து செலவில்லாதது. ராக்கையில் கடைசி நாலு பெட்டிக்கு மேல் ஒரு சிவப்பு அட்டை. அதில் சப்ளையர் பெயர், போன், போன முறை வாங்கிய அளவு, விலை, எத்தனை நாளில் வந்தது, அச்சுக் கோப்பு எங்கே இருக்கிறது. அட்டை கண்ணில் பட்டால் யாராக இருந்தாலும் ஓடர் கொடுக்கலாம். மூடி, கப், ஜெலட்டின், கல்ச்சர் என்று நாலு பொருளுக்கு வைத்தால் போதும். சீனிக்கு வேண்டாம், டவுனில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மடுவம்:
பேரேடு அக்கா சொல்றது மூடிக்குச் சரி. ராக்கையில வைக்கக்கூடிய சாமானுக்குத்தான் அந்தக் கணக்கு. தேயிலைக் கொழுந்துக்கும் பாலுக்கும் காப்பு இருப்புன்னு ஒண்ணு கிடையாது. அதனால ஆள் போறதோட வலி அங்கதான் கூட.

சிறு தோட்டத்துக் கொழுந்து எடுக்கிற லொறியைப் பாருங்க. நாளைக்கு 1,500 கிலோ, 60 பேர்கிட்ட. தூளாகும்போது 320 கிலோ அளவு. பறிச்ச கொழுந்து மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், சாக்குக்குள்ள சூடு ஏறும். அமுக்கிக் கட்டினா, மத்தியானம் மடுவத்தில (கொழுந்து சேர்க்கிற கொட்டகை) ரெண்டு மணித்தியாலம் கூடக் கிடந்தா நடுவில கையை விட்டுப் பாருங்க, வெந்நீர் மாதிரி இருக்கும். சிவந்து போன கொழுந்தை வாட்டுற தொட்டியில போட்டு என்ன பண்ணினாலும் நல்ல தூள் வராது. லொறிக்காரர் எந்த மடுவத்துக்கு முதல்ல போகணும், எங்க 10 நிமிசம் நின்னா போதும், எந்த ஏற்றத்தில மழைநாள்ல ஏத்தக் கூடாதுன்னு ஒரு ஒழுங்கு வச்சிருப்பார். புது ஆள் பக்கத்து மடுவத்தில தொடங்குவார், அதுதான் புத்தின்னு தோணும். ஆனா தூரத்து மடுவத்தில முதல்ல ஏத்தி வழியில மற்றதை எடுத்துக்கிட்டு வந்தாத்தான் கடைசிச் சாக்கும் நேரத்தோட தொழிற்சாலைக்குப் போகும்.

ஒரு நாள் எடுக்காம விட்டா அது ஒரு நாளோட முடியாது. 7 நாள் சுற்றில பறிக்கிற மலைன்னா, இன்னைக்குப் பறிக்காத இடம் நாளைக்குச் சேர்ந்து வரும், ஆள் காணாது, கடைசி மலை பத்தாம் நாள் வரைக்கும் முத்தும். முத்தின இலை வந்தா தொழிற்சாலை விலையைக் குறைக்கும். லொறிக்காரர் வேலையை விட்டதுக்கும் மூணாவது கிழமையில முத்தல் இலை வர்றதுக்கும் உள்ள தொடர்பை யாரும் பார்க்க மாட்டாங்க.

இன்னொண்ணு. சிறு தோட்டக்காரருக்கு 68, தொழிற்சாலைக்கு 32ன்னு விற்பனை விலையைப் பிரிக்கிற சூத்திரம் இருக்கு. அதனால பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகள்ல விலை வித்தியாசம் பெரிசா வராது. அப்ப கொழுந்து குடுக்கிறவர் எதைப் பார்த்து நிக்கிறார்? லொறி நேரத்துக்கு வருதா, தராசு நேரா இருக்கா, தண்ணிக்கு எவ்வளவு கழிக்கிறாங்க, அவசரத்துக்கு முற்பணம் கிடைக்குமா. இந்த நாலையும் கையில வச்சிருக்கிறவர் லொறியில வர்ற ஆள்தான். அவர் அடுத்த தொழிற்சாலைக்குப் போனா 60 பேர்ல பாதிப்பேர் பின்னாலயே போவாங்க.

கரட்பாத்தி:
மடுவம் அண்ணே கடைசியில சொன்னது மரக்கறியில இன்னும் கூர்மையா இருக்கும். வெலிமடை, கெப்பெட்டிபொல, நுவரெலியா பக்கம் லீக்ஸ், கரட், கோவா வாங்கிப் பேலியகொட மெனிங் சந்தைக்கோ தம்புள்ளைக்கோ அனுப்புற சின்ன ஆட்களைப் பாருங்க. தோட்டத்தில போய் "அடுத்த கிழமை உங்க லீக்ஸ் எனக்கு"ன்னு பேசுறதும், முற்பணம் குடுக்கிறதும் ஒரே ஆள். ரசீதுத் துண்டு கிடையாது. அவர் போற அன்னைக்கு முதலாளிக்கு எத்தனை பேர்கிட்ட எவ்வளவு முற்பணம் நிக்குதுன்னே தெரியாது. விவசாயியும் ஏமாத்தலைங்க, அவர் கண்ணுக்குக் காசு குடுத்தது அந்த ஆள், கடன்பட்டது அந்த ஆளுக்கு.

காசு யார் கையால போகுதோ சப்ளை அவர் பின்னால போகும். இதை மாத்த மூணு விசயம் செய்யலாம். முற்பணம் 10,000 ரூபாவுக்கு மேல போனா வங்கிக் கணக்கு வழியா, தொழில் பேர்ல. அதுக்குக் கீழ கையில குடுத்தா கார்பன் தாள் வச்ச புத்தகத்தில துண்டு, பயிர், பாத்தி அளவு, அறுவடைக் கிழமை எழுதி விவசாயி கையெழுத்து. மூணாவது, மாசத்தில ரெண்டு தடவையாவது இன்னொருத்தர் கூடப் போகணும். சும்மா லொறியில உட்கார்ந்திருக்காம, தராசுல அவர் நிறுக்கணும். விவசாயிக்கு ரெண்டாவது முகம் ஒண்ணு தெரியணும்.

நேர்பேச்சு:
இவ்வளவு எதுக்கு? சம்பளத்தைக் கூட்டுங்க. யாரும் போக மாட்டாங்க.

குளிர்ப்பெட்டி:
கூட்டலாம், கூட்டவும் வேணும். ஆனா கட்டார் சம்பளத்தோட 9 பேர் தொழில் போட்டி போட முடியாது. அதோட எப்படிக் கூட்டுறீங்க என்பது முக்கியம். பால் எடுக்கிறவருக்கு லீற்றருக்கு இவ்வளவுன்னு கொமிசன் வச்சா அளவு கூடும், தரம் இறங்கும். சந்தேகமான பாலைத் திருப்பினா அவருக்கே நட்டம், அப்போ திருப்ப மாட்டார். மாதச் சம்பளத்துக்கு மேல, உறையாம ஒரு நாளும் போகாத மாசத்துக்கு ஒரு தொகைன்னு வையுங்க. அதை உற்பத்தியில நிக்கிற ஆளுக்கும் சேர்த்துக் குடுத்தா ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்குவாங்க. இப்ப பல இடத்தில பால் கொண்டு வர்றவருக்கும் காய்ச்சிறவருக்கும் பேச்சே இல்ல.

நேர்பேச்சு:
சரி, அந்தக் கொமிசன் விசயம் யோசிக்கல. ஏத்துக்கிறேன்.

மூணாம்கியர்:
எல்லாரும் உள்ளே வர்ற பக்கத்தையே பேசுறீங்க. வெளியே போற பக்கமும் சப்ளைதான். பட்டா டிரைவர் போனா என்ன அறும்?

கடைக்காரர் 40 கப் வேணும்பார். பழைய டிரைவர் 25 இறக்கிட்டு வருவார், ஏன்னா அங்க போறது 25தான், மிச்சம் திகதி முடிஞ்சு திரும்பி வரும். 10ஆம் திகதி தோட்டத்தில சம்பளம்; அதிலிருந்து அஞ்சாறு நாள் அதே கடையில 40ம் போகும். தீபாவளிக்கு முந்தின கிழமை இன்னும் கூட. புது டிரைவர் கேட்டதை எல்லாம் இறக்குவார். முதல் கிழமை விற்பனை கூடினமாதிரி இருக்கும், மூணாம் கிழமை திரும்பி வர்ற கப்பை எண்ணும்போதுதான் தெரியும். கடை வாரியா "இறக்கினது, திரும்பினது" ரெண்டு கட்டம் போட்ட ஒரு தாள், 8 கிழமைக்கு இருந்தா புது ஆள் அதைப் பார்த்து ஓட்டலாம்.

வாகனத் திகதிகளும் பல இடத்தில டிரைவர் தலையிலதான். காப்புறுதி, புகைச் சோதனை, லொறிக்குத் தகுதிச் சான்றிதழ், இதெல்லாம் கையில இருந்தாத்தான் வருமான உத்தரவுப் பத்திரம் புதுப்பிக்கலாம். ஒண்ணு தவறினா மற்றது நிக்கும், பட்டாவும் நிக்கும். திகதிகளை ஸ்டோர் சுவர்க் கலண்டர்ல ஒரு மாசம் முன்கூட்டியே குறிங்க.

புது ஆள் தாழ்நாட்டில ஓட்டினவர்னா இறக்கத்தில கிளட்சை மிதிச்சு, நியூட்ரல்ல விட்டு, பிரேக்லயே கொண்டு வருவார். பிரேக் சூடேறிப் பிடிக்காமப் போகும். ஏறின கியர்லயே இறங்கணும்னு சொல்லிக் குடுங்க. ரம்பொடை இறக்கத்துக்கு அனுப்புறதுக்கு முந்தி ரெண்டு நாள் கிட்டத்து ரூட்ல பக்கத்தில உட்கார்ந்து பாருங்க.

பேரேடு:
சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இதிலும் சப்ளை இருக்கிறது.

ராஜினாமா அறிவிப்புக் காலம் நியமனக் கடிதத்தில் இருந்தால்தான் அதைப் பிடித்துப் பேச முடியும். பல சின்னத் தொழில்களில் நியமனக் கடிதமே இல்லை. இருந்தால் "ஒரு மாதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கும். எந்த வேலைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள். பால் எடுப்பவருக்குப் பால் காசு கொடுக்கும் ஒரு முழுச் சுற்று அடங்க வேண்டும். 15 நாளைக்கு ஒருமுறை காசு என்றால் 15 நாளுக்குள் ஒரு காசு நாள் எப்படியும் வரும், மூன்று கிழமை என்று எழுதினால் தாராளம். ஸ்டோர்காரருக்கு மூடி ஓடர் கொடுத்து அது வந்து சேரும் 21 நாளும், எண்ணி ஏற்றுக்கொள்ள ஒரு கிழமையும் என்று 28. இருவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

ஊழியர் சேமலாப நிதி: தொழிலாளி 8, முதலாளி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் சேமலாப நிதிக்குத் தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகம். ஆள் கடைசி மாதத்தில் போகிறார் என்பதற்காக அந்த மாதக் கட்டணத்தை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி தவறு என்பதோடு, அந்த ஆள் தலவாக்கலை டவுனில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து சொன்னால் அடுத்த ஆள் வேலைக்கு வரமாட்டார், பால் வீடுகளும் "நமக்கும் இப்படித்தானே" என்று யோசிக்கும்.

பணிக்கொடை: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் இருந்தால் கட்டாயம். 5 வருடம் முடித்தவர் தானாக ராஜினாமா செய்தாலும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 30 நாளுக்குள். 8 வருடம் வேலை செய்தவரின் கடைசிச் சம்பளம் 60,000 என்றால் 2,40,000 ரூபா. இந்த 9 பேர் தொழிலுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் 15ஐத் தொட்ட தொழிலில் இதை ஒதுக்கி வைக்காமல் இருந்தால், அந்த மாதம் இரண்டு பேர் போகும்போது மூடி வாங்க வைத்திருந்த காசுதான் போகும். ராஜினாமாவால் சரக்கு தட்டுப்படும் வழிகளில் இதுவும் ஒன்று, யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

கரட்பாத்தி:
போன் நம்பரை விட்டுட்டீங்களே அக்கா. வியாபார வட்ஸ்அப் முழுக்க ஸ்டோர்காரரோட சொந்த சிம்ல இருக்கும். கடைக்காரர் ஓடர், சப்ளையர் விலை, வங்கி ஓடிபி, மின்கட்டணச் செய்தி எல்லாம். அவர் கொழும்புக்குப் போன பிறகும் அட்டன் கடைக்காரர் அவருக்குத்தான் மெசேஜ் போடுவார். தொழில் பேர்ல ஒரு சிம் எடுத்து, பழைய போன் ஒண்ணுல போட்டு, ஸ்டோர் மேசையை விட்டு எழும்பக் கூடாதுன்னு வைங்க. இதுவரைக்கும் சொந்த நம்பர்லதான் ஓடுதுன்னா அவர் இருக்கும்போதே அந்த நம்பர்லேருந்து எல்லாருக்கும் புது நம்பரை அனுப்பச் சொல்லுங்க. குழுக்கள்ல அட்மினையும் மாத்துங்க. போன பிறகு கேட்டா ஆள் நல்லவரா இருந்தாலும் நேரம் கிடைக்காது.

முதலாளி கையெழுத்து வச்ச வெறும் செக் தாள் ஸ்டோர் லாச்சியில இருந்தா அதையும் அன்னைக்கே எண்ணுங்க.

குளிர்ப்பெட்டி:
கல்ச்சரைப் பற்றி ஒண்ணு, சுருக்கமா. பாக்கெட்ல வர்ற உலர் கல்ச்சர் உறைநிலையில, மைனஸ் 18ல இருக்கணும். சின்ன இடங்கள்ல செலவைக் குறைக்க நேற்றைய யோகட்டையே இன்னைக்குப் போடுவாங்க. யோகட்டில ரெண்டு வகைப் பக்டீரியா இருக்கு. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் போடும்போது ரெண்டோட விகிதம் மாறும், புளிப்பு கூடி மேலே தண்ணி விடும். ஐந்தாறு தடவைக்கு மேல இழுக்கக் கூடாது. எத்தனையாவது தடவைன்னு காய்ச்சிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் போனா எண்ணிக்கையும் போகும். கல்ச்சர் போத்தல்ல 1, 2, 3ன்னு எழுதுங்க. 6க்கு மேல எழுத இடமே வைக்காதீங்க.

நுவரெலியா பக்கம் டிசம்பர், ஜனவரி இராத்திரியில சுவரோரம் வச்ச கப் நடுவில உறைஞ்சு ஓரத்தில தண்ணியா நிக்கும், பெட்டிக்குள்ள 42 பாகை ஒரேமாதிரி இல்லாததால. பழைய ஆள் ஓரத்தில சுடுதண்ணிப் போத்தல் வச்சிருப்பார், யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

மடுவம்:
ஒண்ணு கேட்கணும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல மலையகம் முழுக்க மண்சரிவு, வீதிகளும் ரயில் பாதையும் மூடப்பட்டது. அதுக்குப் பிறகு சின்னத் தொழில்காரங்ககூட மாற்று ரூட், மாற்று சப்ளையர், ஜெனரேட்டர்னு பட்டியல் போடத் தொடங்கியிருக்காங்க. நல்லது. ஆனா அந்த மாற்று ரூட் எதுன்னு தெரிஞ்சது யாருக்கு? டிரைவருக்கு. மாற்று சப்ளையரோட நம்பர் யார்கிட்ட? ஸ்டோர்காரர்கிட்ட. ஆள் போன பிறகு பாதை மூடினா பட்டியல் வெறும் தாள்தான். ரெண்டையும் தனித்தனி ஆபத்தா எண்ணுறதுதான் பிழைன்னு நினைக்கிறேன்.

பேரேடு:
சரியான கேள்வி. மாற்றுச் சப்ளையருக்கு வருடத்தில் ஒரு சிறு ஓடராவது கொடுத்து, அதையும் வழக்கமாக வாங்காத இன்னொருவர் கையால் கொடுக்கச் சொல்ல வேண்டும். 2,000 மூடி போதும், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கணக்குத் திறந்திருக்கும், முகம் தெரிந்திருக்கும்.

மூடி இல்லாத மூன்று நாளுக்கும் இதே மாதிரி ஒரு வாசல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பாலை எடுக்கும் அந்தச் சேகரிப்பு நிலையத்தில், அவசரத்துக்குக் கிழமை நாளிலும் 100 லீற்றர் எடுப்பார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். விலை குறைவாக இருக்கும். வீடுகள் கையை விட்டுப் போகாது.

தயிர்ச்சட்டி:
எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு: ரெண்டு பேரும் கடிதம் குடுத்தாச்சு, அறிவிப்பு 14 நாள்தான், கையில ஒரு உதவியாள் மட்டும் இருக்கார்னு வைங்க. அவரை யார்கிட்ட விடுறது, எந்த ஒழுங்கில?

குளிர்ப்பெட்டி:
காலையில பால் எடுக்கிறவரோட, பத்து மணிக்குப் பிறகு ஸ்டோர்ல. முதல் நாலு நாள் உதவியாள் சும்மா கூடப் போய் வீடு, நேரம், சராசரி லீற்றர் எழுதட்டும். அஞ்சாம் நாள்லேருந்து கேனை அவர் தூக்கணும், லெக்டோமீற்றர் அவர் போடணும், பழைய ஆள் ரெண்டடி பின்னால நிக்கணும். பால் காசு குடுக்கிற நாள் அந்த 14க்குள்ள வரலைன்னா, நாளை முன்னால இழுத்துப் பாதிக் காசாவது குடுத்துடுங்க, பழைய ஆள் பக்கத்தில நிக்க உதவியாள் கையால. அந்த ஒரு நாளை விட்டா அதுக்குப் பிறகு செய்ய முடியாது.

பேரேடு:
ஸ்டோரில் முதல் நாளே மூடியை எண்ணுங்கள். 32,400க்குக் கிட்ட இருந்தால் பழையவர் கையாலேயே ஓடரைக் கொடுத்துவிடுங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். சப்ளையரோடு பேசும்போது ஸ்பீக்கரில் போட்டு உதவியாளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

தயிர்ச்சட்டி:
மாதிரிப் போத்தல் எவ்வளவு பெரிசு வேணும் அண்ணே? 22 போத்தல் வைக்க குளிர்சாதனப்பெட்டியில இடம் பார்க்கணும்.

குளிர்ப்பெட்டி:
100 மில்லி போதும். சுடுதண்ணியில கழுவின சின்னக் கண்ணாடிப் போத்தல் சரி, பிளாஸ்டிக் வேணாம், மணம் பிடிக்கும். நம்பரை மார்க்கரால எழுதாதீங்க, ஈரத்தில அழிஞ்சு போகும். துணிப் பிளாஸ்டர் ஒட்டி மேலே பேனாவால எழுதுங்க, வீட்டுப் பேர் வேணாம், நம்பர் மட்டும். அந்தப் பெட்டியை யார் திறந்தாலும் எந்த வீட்டுப் பால்னு தெரியக் கூடாது, இல்லாட்டி உறையாத அன்னைக்குச் சோதனை முடியிறதுக்குள்ள லயத்துக்குக் கதை போயிடும்.